ப்ளக்குக்குள் ஒளிந்திருந்த அரை ஓம்

கீசரின் ப்ளக்கைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். மூன்று பின்களில் ஒன்று மட்டும் கருத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக இளகி, மறுபடி இறுகிப்போயிருந்தது. மார்கழி முழுவதும் குளியலறைப் பக்கம் ஏதோ கருகல் வாடை அடிக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கரண்ட் அளவு மீறினால் தானே விழும் எம்சிபி சுவிட்ச் ஒரு தடவைகூட ட்ரிப் ஆகவில்லை. கீசரும் குறையில்லாமல் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தார். பார்த்த மாத்திரத்தில், “லூஸ் கான்டாக்ட் சார். சாக்கெட், ப்ளக் ரெண்டையும் மாத்திடலாம்” என்றார். அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் எனக்கு ஒரு கேள்வி. உள்ளே எவ்வளவு சூடு உண்டாகியிருந்தால் பிளாஸ்டிக் இளகும்? மாற்றுவதற்கு முன் ஒரு தடவை அளந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். “ரெண்டே நிமிஷம்தான் ஆன் பண்ணுவேன் சார்” என்று சொல்லி, போர்டைத் திறந்து, கையுறை மாட்டிக்கொண்டு அளந்தார். சாக்கெட்டின் பின்பக்கத் திருகுகளில் மல்டிமீட்டரை வைத்தபோது 222 வோல்ட். கீசருக்குள் ஒயர் சேரும் இடத்தில் 217 வோல்ட். ஃபேஸ் ஒயரை மட்டும் தனியே பிரித்துக் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் விட்டபோது 8.2 ஆம்பியர்.

அந்த மூன்று எண்களை ஒரு ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். அந்தக் கருத்த பின்னின் கதை முழுவதும் அவற்றுக்குள் இருந்தது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், வெளியே எடுத்துவிடலாம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நம் பேச்சில் எல்லாமே ‘கரண்ட்’தான். கரண்ட் போச்சு, கரண்ட் வந்துடுச்சு, கரண்ட் பில் கட்டியாச்சா. பேச்சுக்கு இது போதும், கணக்குக்குப் போதாது. ஒன்றும் செருகாத சாக்கெட்டில் சுவிட்சைப் போட்டு வைத்தால் அங்கே 230 வோல்ட் இருக்கிறது, ஆனால் கரண்ட் பூஜ்யம். கரண்ட் என்பது ஓட்டம். வோல்டேஜ் என்பது ஓட வைக்கும் அழுத்தம். பாடப்புத்தகம் இவற்றை மின்னோட்டம், மின்னழுத்தம் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளியை விட்டு வெளியே வந்ததும் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம்.

வோல்ட்டை இப்படி நினைத்துக்கொள்ளலாம். மின்னூட்டம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. ஒரு மூட்டைக்குக் கூலாம் என்று பெயர். அந்த ஒரு மூட்டைக்குள் ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்களின் மின்னூட்டம் அடங்கியிருக்கிறது. 217 வோல்ட் என்றால் ஒவ்வொரு மூட்டையும் 217 ஜூல் ஆற்றலைக் கொண்டுவந்து இறக்குகிறது என்று பொருள். 8.2 ஆம்பியர் என்றால் நொடிக்கு 8.2 மூட்டை. மூட்டைக்கு எவ்வளவு என்று தெரியும், நொடிக்கு எத்தனை மூட்டை என்றும் தெரியும். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு இறங்கும் மொத்த ஆற்றல் வந்துவிடுகிறது. 217 × 8.2 = 1779. நொடிக்கு ஒரு ஜூல் என்பதைத்தான் ஒரு வாட் என்கிறோம். ஆக, அன்று காலை எங்கள் கீசர் 1779 வாட் திறனோடு ஓடிக்கொண்டிருந்தது. மின்திறன் என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் கிடைப்பது என்று மனப்பாடம் செய்ததெல்லாம் இந்த மூட்டைக் கணக்குதான்.

(நம் வீட்டு மின்சாரம் மாறுமின்னோட்டம். நொடிக்கு 50 முறை ஏறி இறங்கித் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. மீட்டர் காட்டும் 217 என்பது, அதே அளவு வெப்பத்தைத் தரக்கூடிய நேர்மின்னோட்டத்தின் மதிப்பு. அதனால் கீசர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றுக்கு மேற்படி கணக்கு அப்படியே பொருந்தும்.)

அடுத்தது வகுத்தல். ஒரு பொருளின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வோல்டேஜை அதன் வழியே ஓடும் ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. ஓர் ஆம்பியரை ஓட வைக்க எத்தனை வோல்ட் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். 217 ÷ 8.2 = 26.46 ஓம். கீசருக்குள் இருக்கும் ஹீட்டர் சுருளின் மின்தடை இது.

சரியா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. கீசரின் வயிற்றில் ஒட்டியிருந்த சீட்டில் ‘230 வோல்ட், 2000 வாட்’ என்று எழுதியிருந்தது. அப்படியானால் அது இழுக்க வேண்டிய கரண்ட் 2000 ÷ 230, அதாவது 8.7 ஆம்பியர். மின்தடை 230 ÷ 8.7. தசமங்களை விடாமல் கணக்கிட்டால் 26.45 ஓம். அளந்து பெற்றது 26.46, சீட்டு சொல்வது 26.45. சுருளில் குற்றமில்லை என்பது உறுதியாயிற்று. வோல்டேஜ் குறைவாக வந்ததால்தான் 2000 வாட் 1779 ஆகியிருக்கிறது.

இப்போது மீதி 5 வோல்ட். சாக்கெட்டின் பின்னால் 222 இருக்கிறது, கீசரில் 217தான் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒன்றரை மீட்டர் ஒயரும் அந்தக் கருத்த பின்னும்தான். அவ்வளவு குட்டையான ஒயரில் இவ்வளவு இழப்பு வராது. ஏறக்குறைய 5 வோல்ட்டையும் அந்தப் பின்னே தின்றிருக்கிறது. அதன் வழியே போவதும் அதே 8.2 ஆம்பியர்தான், ஏனென்றால் வேறு பாதை கிடையாது. 5 ÷ 8.2 = 0.61 ஓம். அரை ஓமுக்குச் சற்று மேல். சுருளின் 26 ஓமுக்கு முன்னால் அது தூசு மாதிரித் தெரிகிறது. ஆனால் 5 × 8.2 = 41 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கிப் பற்றுவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிகமான சூட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு பட்டாணி அளவு இடத்தில், தினமும் காலையில் நாங்களே மூட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

காசு கொடுத்து வாங்கிய மின்தடை 26 ஓம். கேட்காமலே வந்து சேர்ந்த மின்தடை அரை ஓம். வீட்டு மின்சாரத்தில் நடக்கும் பெரும்பாலான தொந்தரவுகளுக்கு இந்த இரண்டாவது வகைதான் காரணம் என்பது என் எண்ணம். பள்ளியில் கொடுக்கும் கணக்குகளில் இது வருவதே இல்லை. அங்கே மின்கம்பிகளுக்கு மின்தடை பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

அந்த அரை ஓம் எங்கிருந்து வந்தது? இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றை ஒன்று தொடுவதாக நமக்குத் தோன்றினாலும், நுண்ணளவில் இரண்டுமே மேடு பள்ளம். மேடுகளின் நுனிகள் சில மட்டுமே உண்மையில் தொடுகின்றன. கரண்ட் முழுவதும் அந்தச் சில புள்ளிகளின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளை நாக்கு பின்னை இறுகப் பிடித்திருக்கும்வரை தொடும் புள்ளிகள் நிறைய. செருகிப் பிடுங்கிப் பல வருஷம் ஆனபின் நாக்கு தளர்கிறது, புள்ளிகள் குறைகின்றன. குறைந்ததும் சூடு. சூட்டில் உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்து கருக்கிறது. அந்தக் கருப்புப் படலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. மின்தடை இன்னும் ஏறுகிறது. இன்னும் சூடு. சூட்டில் நாக்கின் இறுக்கம் மேலும் தளர்கிறது. ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும் சுழல் இது.

அந்தச் சுழல் அடுத்த மார்கழிவரை ஓடியிருந்தால்? பின்னின் மின்தடை இரட்டிப்பாகி 1.22 ஓம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பாதையின் மின்தடை 26.46 + 1.22 = 27.68. கரண்ட் 222 ÷ 27.68 = 8.02 ஆம்பியர். முன்பு 8.2, இப்போது 8.02. இரண்டு சதவீதம்தான் குறைந்திருக்கிறது. கீசருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பின்னில் உண்டாகும் வெப்பம் 41 வாட்டிலிருந்து 78 வாட்டுக்கு ஏறிவிடுகிறது.

எம்சிபி ஏன் விழவில்லை என்பதற்கான பதிலும் இதுதான். எம்சிபி பார்ப்பது கரண்ட்டின் அளவை மட்டும். 16 ஆம்பியர் எம்சிபி என்றால், அதற்கு மேல் தொடர்ந்து போனால்தான் அது விழும். இங்கே கரண்ட் ஏறவே இல்லை, இறங்கியிருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்சிசிபி, ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. இங்கே ஒரு துளியும் கசியவில்லை. இரண்டு காவலாளிகளுமே தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். இந்தத் திருட்டைப் பார்க்கும் கண் இரண்டுக்குமே கிடையாது. புதிதாக எம்சிபி போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்கிற வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே மாணவர்களுக்கு வழக்கமாக வரும் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். மின்திறனுக்கு இரண்டு வாய்பாடுகள் கொடுக்கிறார்கள். ஒன்று, கரண்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கு என்கிறது. இன்னொன்று, வோல்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகு என்கிறது. முதல் வாய்பாட்டின்படி மின்தடை கூடினால் சூடு கூடும். இரண்டாவதன்படி மின்தடை கூடினால் சூடு குறையும். எது உண்மை? எனக்கு யாரும் பள்ளியில் விளக்கவில்லை. பரீட்சையில் எந்த எண்கள் கொடுத்திருக்கிறார்களோ அதற்கேற்ற வாய்பாட்டைப் போடு என்றார்கள்.

இரண்டுமே உண்மை. எது மாறாமல் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கீசர் நேராக மின் இணைப்பில் நிற்கிறது. அதற்குக் கிடைக்கும் வோல்டேஜை மின்வாரியம் முடிவு செய்துவிட்டது. வோல்டேஜ் நிலையாக இருக்கும்போது மின்தடை குறைந்தால்தான் கரண்ட் கூடும், சூடும் கூடும். அதனால்தான் 2000 வாட் கீசரின் மின்தடை 26 ஓம், 1000 வாட் அயர்ன் பாக்ஸின் மின்தடை 53 ஓம். வாட் அதிகமென்றால் மின்தடையும் அதிகமிருக்கும் என்று நினைப்பவர்கள் ஏராளம். நேர்மாறுதான் உண்மை. ஆனால் ப்ளக்கின் பின், கீசரோடு ஒரே வரிசையில் நிற்கிறது. அதன் வழியே எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பதைப் பெரியவரான கீசர் முடிவு செய்துவிட்டார். கரண்ட் நிலையாக இருக்கும்போது மின்தடை கூடக்கூடச் சூடு கூடும். பெரிய மின்தடை வோல்டேஜுக்குக் கட்டுப்பட்டது, சின்ன மின்தடை கரண்ட்டுக்குக் கட்டுப்பட்டது. இதைப் புரிந்துகொண்டால் எந்த வாய்பாட்டை எங்கே போடுவது என்ற கேள்வியே எழாது.

மின்தடை அளக்கும் அலகுக்குப் பெயர் கொடுத்த கேயார்க் சைமன் ஓம் தன் சோதனையிலேயே இந்தக் கேட்காமல் வந்த மின்தடையைச் சந்தித்தவர். 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர், பூட்டு செய்பவரின் மகன். கொலோன் நகரத்துப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1825இல் சோதனையைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தவை அந்தக் காலத்து மின்கலங்கள். கரண்ட் எடுக்க எடுக்க அவற்றின் வோல்டேஜ் தளர்ந்துகொண்டே போனது. அளக்கும் கோலே நீண்டு குறுகினால் எதை அளப்பது? பொகென்டோர்ஃப் என்ற அறிவியலாளர் ஒரு யோசனை சொன்னார். பிஸ்மத், செம்பு ஆகிய இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தால் மிகச் சிறிய வோல்டேஜ் கிடைக்கும். நீரின் கொதிநிலையும் பனியின் உருகுநிலையும் மாறாதவை. ஆகவே அந்த வோல்டேஜும் மாறாது.

அந்த அசையாத ஊற்றை வைத்துக்கொண்டு, ஒரே தடிமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார் ஓம். மிகக் குட்டையானது 2 அங்குலம், மிக நீளமானது 130 அங்குலம். மேலே தொங்கிய காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்பதிலிருந்து கரண்ட்டை அளந்தார். கம்பி நீளமாக ஆக, கரண்ட் குறைந்தது. ஆனால் நீளத்துக்கு நேர் எதிர் விகிதத்தில் குறையவில்லை. கம்பியின் நீளத்தோடு ஒவ்வொரு தடவையும் மாறாத ஓர் எண்ணைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தபோதுதான் கணக்கு சரியாக வந்தது. அந்த மாறாத எண் என்ன? கருவியின் மற்ற பகுதிகளுக்கு இருந்த மின்தடை. அவர் மாட்டிய கம்பி ஒன்று, ஏற்கனவே பாதையில் இருந்தது இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் கரண்ட்டை முடிவு செய்கின்றன. எங்கள் கீசர் கணக்கில் 26.46ஓடு 1.22ஐக் கூட்டியது ஓம் கண்ட அதே கூட்டல்தான்.

1827இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி வரவில்லை. ஜெர்மனியில் பலர் அந்தப் புத்தகத்தைப் பொருட்படுத்தவில்லை. பள்ளி வேலையையும் விட்டு விலகினார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் ஊரில் மதிப்பு கூடியது. அவர் 1854இல் இறந்தார். 1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு அவர் பெயரை அலகாக ஏற்றபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

ஓம் கண்ட இதே உறவை ஹென்றி கேவன்டிஷ் இங்கிலாந்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். கரண்ட்டை அளக்க மீட்டர் இல்லாத காலம் அது. தன் உடம்பின் வழியே மின்சாரத்தை விட்டு, ஷாக் எந்த அளவு அடிக்கிறது என்பதை ஒப்பிட்டுக் கணக்கிட்டார். அதை அவர் வெளியிடவில்லை. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைத் தேடிப் பதிப்பித்தது 1879இல்.

ஓம் விட்ட இடத்தில் தொடர்ந்தவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. 1840இல், 22 வயது நிரம்புவதற்குள், கம்பிச் சுருளைத் தண்ணீர் ஜாடிக்குள் இறக்கி, கரண்ட்டைச் செலுத்தி, தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று தெர்மாமீட்டரில் பார்த்தார். வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தையும் மின்தடையையும் பெருக்கிய விகிதத்தில் இருந்தது. தண்ணீருக்குள் சுருள், சுருளுக்குள் கரண்ட்: நம் குளியலறைச் சுவரில் கீசர் என்று தொங்குவது ஜூலின் சோதனைதான். என்னைப் பொறுத்தவரை அந்த ‘வர்க்கம்’ என்ற ஒரு சொல்தான் மின் பொறியியலின் பாதி.

லோ வோல்டேஜ் ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த வர்க்கத்தின் கொடுமை நன்றாகத் தெரியும். 230 வரவேண்டிய இடத்தில் 180 வோல்ட் வருகிறது. நான்கில் ஒரு பங்குகூடக் குறையவில்லையே என்று தோன்றும். ஆனால் கீசரின் திறன் 180 × 180 ÷ 26.45 = 1225 வாட். 2000இல் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்டேஜ் குறைந்ததும் மூட்டைக்குள் இருக்கும் ஆற்றலும் குறைகிறது, நொடிக்கு வரும் மூட்டைகளும் குறைகின்றன. இரண்டு பக்கமும் அடி. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட்டில் 16 நிமிடம் என்றால் 1225 வாட்டில் 26 நிமிடம். இரண்டிலும் ஆகும் மின்சாரம் அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான். லோ வோல்டேஜால் கீசரின் பில் ஏறுவதில்லை, நேரம்தான் வீணாகிறது. மோட்டார்களின் கதை வேறு. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், போர்வெல் மோட்டார் போன்றவை குறைந்த வோல்டேஜிலும் அதே வேலையைச் செய்யப் பார்த்து அதிக கரண்ட்டை இழுக்கும். அவற்றின் காயில் கருகுவது இதனால்தான். மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதை அப்படியே வாட் என்று சொல்லவும் முடியாது. ஓட்டமும் அழுத்தமும் அங்கே கால் பிசகி நடக்கின்றன. இன்வெர்ட்டரின் மேல் வாட் என்று போடாமல் விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று போட்டிருப்பதற்குக் காரணம் அதுவே.

இன்னோர் எச்சரிக்கை. மின்தடை என்பது பொருளின் நெற்றியில் எழுதி ஒட்டிய நிலையான எண் அல்ல. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று கிடைத்தால் பாருங்கள். கணக்கின்படி 230 × 230 ÷ 60, ஏறத்தாழ 882 ஓம். ஆனால் பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றி, ஆறிய நிலையில் மல்டிமீட்டரை வைத்தால் 60, 70 ஓம்தான் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை, கணக்கும் பொய்யில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் கணத்தில் டப்பென்று போய்விடுவதற்கும் இதுவே காரணம். குளிர்ந்த இழை அந்த ஒரு கணம் பத்து மடங்கு கரண்ட்டை விழுங்குகிறது. கீசர், அயர்ன் பாக்ஸ் சுருள்களை நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோமில் செய்கிறார்கள். சூட்டில் அதன் மின்தடை சில சதவீதம்தான் மாறும். அதனால்தான் சீட்டில் எழுதியிருந்ததும் நாங்கள் அளந்ததும் அப்படிக் கச்சிதமாகப் பொருந்தின. எல்இடி பல்புக்கு இந்த வகுத்தல் கணக்கைப் போடவே கூடாது. அது ஓமின் விதிக்குக் கட்டுப்பட்டதல்ல.

சுவருக்குள் ஓடும் ஒயருக்கு வருவோம். இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 7 மில்லி ஓம். மெயின் போர்டிலிருந்து கீசர் 15 மீட்டர் தள்ளியிருந்தால் போகவர 30 மீட்டர், 0.21 ஓம். 8.2 ஆம்பியரில் அதில் உண்டாகும் வெப்பம் 14 வாட். அது 30 மீட்டர் நீளத்துக்கும் பரவியிருப்பதால் மீட்டருக்கு அரை வாட் கூட இல்லை, சுவர் அதை உறிஞ்சிக்கொள்ளும். இதே இடத்தில் செலவைக் குறைக்க ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்திருந்தால் 35 வாட். கவனியுங்கள்: 30 மீட்டர் ஒயரின் மின்தடையைவிட, தளர்ந்த ஒரு பின்னின் மின்தடை மூன்று மடங்கு.

கரண்ட் பெரிதானால் மிகச் சின்ன மின்தடைகூட வேலையைக் காட்டிவிடும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் இன்வெர்ட்டர் 600 வாட் கொடுக்க வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து குறைந்தது 50 ஆம்பியர் எடுக்க வேண்டும். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் படிவம் ஓமில் நூறில் ஒரு பங்கு மின்தடை வைத்தாலே அந்த இடத்தில் 25 வாட் சூடு. ஒர்க்‌ஷாப்பில் முனையைச் சுரண்டிவிட்டு இறுக்குகிற மெக்கானிக் இந்த நூறில் ஒரு ஓமைத்தான் சுரண்டி எறிகிறார்.

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு மின்சாரம் கொண்டுவரும் பாதையைக் கட்டியவர்களுக்கும் இதே கவலைதான். நீளம் சுமார் 1,765 கிலோமீட்டர், கொண்டுவரும் அளவு 6,000 மெகாவாட். ஒரு கம்பியில் +800 கிலோ வோல்ட், மற்றதில் −800. இரண்டுக்கும் இடையே 1,600 கிலோ வோல்ட். வகுத்துப் பாருங்கள், கரண்ட் 3,750 ஆம்பியர். வோல்டேஜைப் பாதியாக்கியிருந்தால் கரண்ட் 7,500 ஆகும், அதே கம்பியில் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும். அவ்வளவு உயரத்தில் கோபுரங்கள் நிற்பதும், அவ்வளவு நீளமான இன்சுலேட்டர்கள் தொங்குவதும் ஜூலின் அந்த வர்க்கத்துக்குப் பயந்துதான்.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். தம்பி மெயினை அணைத்து, பழைய சாக்கெட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பித்தளை நாக்கு நீலமும் கருப்புமாக நிறம் மாறி, விரலால் தொட்டாலே ஆடியது. புதிய சாக்கெட், புதிய ப்ளக். ஒயர் நுனியில் கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவித் திருகினார். கருத்த பின்னை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். “நாக்கு தளர்ந்துடுச்சு சார். தேய்ச்சா ஒரு வாரம் நல்லா இருக்கும், அவ்வளவுதான்” என்றார். மறுபடி அளந்தபோது சாக்கெட்டில் 222 வோல்ட், கீசரில் 221.9. கரண்ட் 8.4 ஆம்பியர். நடுவில் வீணாவது 0.1 × 8.4, ஒரு வாட்டுக்கும் கீழே.

ஓடும் மின்சாரத்தில் நீங்களே மீட்டர் வைத்து அளக்க வேண்டாம், அது பழகியவர் வேலை. உங்களால் முடிந்தது ஒன்று இருக்கிறது. நாளை காலை கீசரோ, அயர்ன் பாக்ஸோ, இண்டக்‌ஷன் அடுப்போ பதினைந்து நிமிடம் ஓடியபின் சுவிட்சை அணையுங்கள். ப்ளக்கைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடு சுட்டாலோ, ஒரு பின் மட்டும் நிறம் மாறியிருந்தாலோ அந்தச் சாக்கெட்டில் மறுபடி எதையும் செருகாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ப்ளக்கை மட்டும் மாற்றாமல் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.